உள்ளங்கையா, முஷ்டியா

இல்லைங்க, கண்ணைத் திறக்காதீங்க. திறந்தீங்கன்னா அந்த நர்சம்மா வந்து மறுபடி ஒரு சொட்டு விட்டுட்டுப் போவாங்க, அரை மணி நேரக் கணக்கு முதல்லேருந்து ஆரம்பிக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. தண்ணியா வழியும், வழியட்டும். எரிச்சல் அஞ்சு நிமிஷந்தான். அப்புறம் ஒண்ணும் தெரியாது.

நீங்க என்ன, டிரைவரா? இல்ல, யாரும் சொல்லல. உக்காந்ததுலேருந்து வலது காலை அமுக்கி அமுக்கி எடுக்குறீங்க, பெஞ்சே ஆடுது. பஸ்ஸா? நினைச்சேன். அமுக்குங்க, அமுக்குங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. வருஷா வருஷம் இந்தச் சோதனை உங்களுக்கும் உண்டுல்ல? எங்களுக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை. இது அந்தக் கணக்குல வர்றது இல்ல. இது தனி.

நான் ஓட்டுறவன் இல்லைங்க. தூக்குறவன். ரயிலு தடம் புரண்டு கிடக்கும்ல, அதைத் தூக்கித் தண்டவாளத்து மேல வைக்கிற வண்டி ஒண்ணு இருக்கு. பிரேக்டவுன் வண்டின்னு சொல்வாங்க. நீங்க பார்த்திருப்பீங்க, எப்பவும் ஓரமா ஒரு தனி லைன்ல நிக்கும், ஒரு கிரேன், நாலஞ்சு பெட்டி. சைரன் ஊதினா பதினஞ்சு நிமிஷத்துல கிளம்பிடணும். சோப்புப் போட்டுக்கிட்டிருந்தா சோப்போட. ஒரு தடவை பாதி ஷேவிங்கோட போயிருக்கேன், ரெண்டு நாள் கழிச்சு வந்துதான் மறு கன்னம். நாங்க போறதுக்காக ரயில்வே கேட்டு மூடியிருக்கும், அந்தப் பக்கம் நின்னு ஹாரன் அடிச்சுத் திட்டினதுல நீங்களும் ஒருத்தரா இருப்பீங்க. பரவாயில்லைங்க. எல்லாரும் திட்டுவாங்க. நின்னுபோன ரயில்லேருந்து ஜனங்க இறங்கி வந்து, எவ்வளவு நேரமாகும் எவ்வளவு நேரமாகும்னு கேப்பாங்க. எப்பக் கேட்டாலும் ஒரு மணி நேரம்னு சொல்லணும். அது எங்க மேஸ்திரி வச்ச சட்டம். ஒரு மணி நேரம்னா மனுஷன் பொறுத்துக்குவான். அடுத்த தடவை கேக்கும்போதும் ஒரு மணி நேரந்தான்.

மேஸ்திரின்னா வேற யாருமில்ல, என் மச்சான். சம்சாரத்தோட அண்ணன். அவருதான் என்னை இந்த வேலைக்கு இழுத்துவிட்டது. வேலை குடுத்தாரா தங்கச்சியைக் குடுத்தாரா, எது முதல்லன்னு ஆளுங்க கிண்டல் பண்ணுவாங்க. ரெண்டும் ஒரே வருஷம். இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு.

இன்னிக்கி எதுக்கு வந்திருக்கேன்னா, அவரு விஷயமாத்தான். சொல்றேன். என் கண்ணு நல்லாயிருக்குன்னு இங்க ஒரு காகிதம் குடுப்பாங்க. அதைக் கொண்டுபோய்க் குடுத்தா திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகலாம். விசாரணையும் முடிஞ்சுது. தப்பு கை காட்டினவர் மேலன்னு எழுதி மூடிடுவாங்க, மச்சான் வீட்டுக்குப் போயிடுவாரு. வீட்டுக்குன்னா, வேலையை விட்டுத்தான். அவரே ஒத்துக்கிட்டு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுறேன்னு சொல்லியிருக்காரு. இன்னிக்கி புதன்தானே?

விபத்துதான். மூணு மாசம் ஆச்சு.

அதுக்கு எங்க வேலை எப்படின்னு உங்களுக்குத் தெரியணும். கிரேன் எல்லாம் எப்பவாச்சும்தான். மேல கரண்ட் கம்பி போற இடத்துல கிரேனை நீட்ட முடியாது. அங்கெல்லாம் ஜாக்கி. ஜாக்கின்னா பஸ்ல வச்சிருப்பீங்களே அது இல்ல, எண்ணெய் அழுத்தத்துல ஏறுறது. ஒரு ஆள் தூக்கிட்டு வர்ற சைஸுதான் இருக்கும், ஒரு பெட்டியையே தூக்கும். தூக்கி, அடியில ஒரு உத்திரத்தை நுழைச்சு, அது மேல ஒரு தட்டு உருளும், பெட்டியை அப்படியே பக்கவாட்டுல நகத்தி, சக்கரம் தண்டவாளத்துக்கு நேரா வந்ததும் மெதுவா இறக்கணும். அவ்வளவுதான் வேலை. குடிச்சிட்டு விழுந்து கிடக்கிறவனைத் தூக்குற மாதிரின்னு மச்சான் சொல்வாரு. திட்டக் கூடாது, காலைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, கக்கத்துல கையைக் குடுத்து மெதுவா எழுப்பிக் கட்டில்ல போடணும். இதை வீட்டுல போய்ச் சொன்னேன், உங்களுக்கு எப்படித் தெரியும்னு மொறைச்சா. உங்கண்ணன் சொன்னதும்மான்னேன். அப்ப சரியாத்தான் இருக்கும்னுட்டா.

அந்த ஜாக்கிக்கெல்லாம் குழாய் வந்து ஒரு மேசையில முடியும். மேசையில நாலு லிவர். அந்த மேசைதான் என் இடம். பெட்டிக்கும் எனக்கும் பதினஞ்சு அடி தூரம் இருக்கும். பக்கத்துல எண்ணெயைத் தள்ளுற இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும், தோள்ல கை போட்டுக்கிட்டு ஒருத்தன் கத்தினாத்தான் காதுல விழும். அதனால பேச்சே கிடையாது. கைதான். பெட்டி பக்கத்துல மச்சான் நிப்பாரு. உள்ளங்கை வானத்தைப் பார்த்தா ஏத்து. உள்ளங்கை தரையைப் பார்த்தா இறக்கு. முஷ்டி பிடிச்சா அசையாதே. அந்த ஒரு கைக்குத்தான் நான் அசையணும். எவ்வளவு பெரிய அதிகாரி வந்து நின்னாலும் அவர் கை எனக்குக் கணக்கில்ல. ஒருத்தர் வந்து ஈ ஓட்டிக்கிட்டே இருந்தாரு, அவரு ஓட்டின ஓட்டுக்கு நான் லிவர் போட்டிருந்தா பெட்டி டான்ஸ் ஆடியிருக்கும்.

மூணாவது ஆளு கட்டை போடுறவன். பெட்டி ஒரு விரல் ஏறினா, அடியில ஒரு விரல் கனத்துக்குக் கட்டை வைக்கணும். ஜாக்கி கைவிட்டாலும் கட்டை தாங்கிக்கும். இறக்கும்போது அதே மாதிரி, ஒரு கட்டையை உருவு, இறக்கு, ஒரு கட்டையை உருவு, இறக்கு. எங்க கட்டைக்காரனைக் குருவின்னு கூப்பிடுவோம். ஆளு அவ்வளவுதான் இருப்பான். எங்களால தலையை விட முடியாத சந்துல முழுசா உள்ள போயிட்டு வருவான். என்னைத் தின்ன வச்சுக் கெடுத்துடாதீங்கப்பா, தொப்பை வந்தா வேலை போயிடும்னு சொல்லிச் சொல்லியே நம்ம பங்கையும் சேர்த்துத் தின்னுடுவான்.

ஆமா. அந்த விபத்துல அவன்தான்.

அன்னிக்கி ஒண்ணுமே இல்லைங்க. அதுதான். நசுங்கின பெட்டியையெல்லாம் தூக்கியிருக்கோம், ஆத்துக்குள்ள சாஞ்சு நின்னதைத் தூக்கியிருக்கோம். அன்னிக்கி யார்டுல ஒரு காலி சரக்கு வேகன், ஒரு பக்கத்து சக்கரம் ரெண்டு மட்டும் இறங்கி நின்னுது. காலையில பதினோரு மணி, நல்ல வெயிலு. ஒண்ணரை மணி நேர வேலை. குருவி வந்து பார்த்துட்டு, இதுக்கு எதுக்குப்பா இத்தனை பேரு, மாமியாரைக் கூப்பிட்டா ஒரு கையால வச்சிடுவாங்கன்னான். தூக்கியாச்சு, நகத்தியாச்சு, சக்கரம் நேரா வந்துடுச்சு. இறக்க வேண்டியது நாலு விரல். பாருங்க, இந்த அளவு. ஓ, நீங்களும் மூடியிருக்கீங்க. நாலு விரல்.

குருவி மேல் கட்டையை உருவிட்டான். அடுத்தது கொஞ்சம் சாஞ்சு உக்காந்திருந்துச்சாம், அதை நேராக்க உள்ள போயிருக்கான். அவன் வெளியில வர்ற வரைக்கும் நான் லிவரைத் தொடக் கூடாது. மச்சான் முஷ்டி பிடிச்சுக்கிட்டே நிக்கணும். வந்தப்புறம் உள்ளங்கை தரையைப் பார்க்கணும். அதுக்கப்புறம் இறக்கு.

நான் இறக்கிட்டேன்.

சத்தமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. இன்ஜின் சத்தந்தான். லிவர்ல ஒரு வித்தியாசமும் தெரியல. இருபது டன் இறங்கும்போது நடுவுல ஒரு மனுஷன் இருந்தா கைக்குத் தெரியும்னு நினைப்பீங்க. தெரியாது. யாரோ ஓடி வந்து தோளைப் பிடிச்சு உலுக்கி, தூக்கு தூக்குன்னு காதுல கத்தினப்பதான் தெரியும். தூக்கினேன். நல்லாத்தான் தூக்கினேன், ஒரு குலுக்கல் இல்லாம. வெளியில எடுத்தாங்க. அப்புறம் வேகனை வேற ஆளுங்க வந்து வச்சாங்க. சாயங்காலம் லைன் திறந்தாச்சு.

வீட்டுக்குப் போனேன், குளிச்சேன், சாப்பிட்டேன். தூங்கினேன்னுதான் நினைக்கிறேன். அழுகை வரும் வரும்னு பார்த்தேன், வரல. இன்னும் வரல. எல்லாம் அடுத்த வீட்டுல நடக்கிற மாதிரியே இருக்கு. குருவியோட சம்சாரம் ஷெட்டுக்கு வந்துச்சு, அவன் செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிட்டுப் போக. கடைசியா என்ன சொன்னாரு அண்ணேன்னு கேட்டுச்சு. இன்ஜின் ஓடிக்கிட்டிருந்துச்சும்மா, ஒண்ணும் கேக்கலன்னேன். அதுவும் சரிங்கண்ணேன்னு சொல்லிட்டு டப்பாவைத் திறந்து பார்த்துச்சு. காலையிலேயே தின்னுட்டுக் கழுவி வச்சிருந்தான். தலையை ஆட்டிட்டுப் போயிடுச்சு.

விசாரணையில ஒரே ஒரு கேள்விதான். மேஸ்திரி என்ன கை காட்டினாரு? அந்தப் பக்கம் நாங்க மூணு பேருதான். மத்தவங்க எல்லாம் வேகனுக்கு மறுபக்கம், குழாயைப் பிடிச்சுக்கிட்டு. ஒருத்தன் போயிட்டான். மிச்சம் ரெண்டு வாயி. மச்சான் முஷ்டின்னாரு. நான் உள்ளங்கைன்னேன்.

ஏன் என்னை நம்பினாங்கன்னா, இருபத்திரெண்டு வருஷத்துல என் மேல ஒரு புகார் கிடையாது. லிவரை மயிரிழைக்கு நிறுத்துவான்னு பேரு. மச்சான் பேருல ரெண்டு மூணு உண்டு, அதிகாரிகளை எதுத்துப் பேசினது, வேற ஒண்ணுமில்ல. அதெல்லாம் அந்த நேரத்துல காகிதத்துல பெரிசாத் தெரியும். கடைசிக் கண் சோதனையும் எனக்கு நல்லா வந்திருந்துச்சு. சரி, சம்பிரதாயத்துக்கு இன்னொரு தடவை எல்லாரையும் கண்ணு பார்த்துட்டு முடிச்சிடலாம்னுட்டாங்க. அதுதான் இன்னிக்கி.

வீட்டுலயா? என் சம்சாரம் அண்ணன்கூடப் பேசுறதை விட்டுட்டா. நான் சொல்லலைங்க, அவளே. கை காட்டத் தெரியாம காட்டிட்டு என் வீட்டுக்காரர் மேல பழியைப் போடப் பார்த்தாரேன்னு. அவளை வளர்த்ததே அவருதான். பத்து வயசுலேருந்து. அந்த அண்ணன் வந்தா இப்ப எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுறா. நான் சாப்பிடும்போது பக்கத்துல உக்காந்து, நீங்க கவலைப்படாதீங்க, நீங்க பார்த்ததைத்தானே சொன்னீங்கங்கிறா. குழம்பு ஊத்துறா. நானும் சாப்பிடுறேன்.

போன ஞாயித்துக்கிழமை வந்தாரு. மத்தியானம். உள்ள வரச் சொல்ல ஆளில்ல, நான்தான் வாங்க மச்சான்னேன். அவ தண்ணிகூடக் கொண்டு வரல. பாத்திரம் மட்டும் உருண்டுச்சு உள்ள. நாற்காலியில உக்கார மாட்டேன்னு வாசப்படி பக்கத்துலயே நின்னாரு. அப்புறம் மெதுவா, மாப்ளே, ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதே, நெசமாவே நான் உள்ளங்கையா காட்டினேன்னாரு.

சண்டை போடுற மாதிரி இல்லைங்க. தெரியாம கேக்குறாரு. மூணு மாசமாத் தூங்கலயாம். கண்ணாடி முன்னால நின்னு காட்டிக் காட்டிப் பார்த்தாராம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை காட்டுறோம் மாப்ளே, இருபத்தஞ்சு வருஷமா, அதுல அந்த ஒரு தடவை எதுன்னு எனக்கே பிடிபடலடா. முஷ்டின்னுதான் மனசு சொல்லுது, ஆனா மனசு அப்படித்தானே சொல்லும். நீ பார்த்தவன். நீ சொல்லு. அப்படின்னு கையை நீட்டி, இப்படியா இப்படியான்னு மாத்தி மாத்திக் காட்டுறாரு, பள்ளிக்கூடத்துல வாத்தியார்கிட்ட காட்டுற மாதிரி.

உள்ளங்கைதான் மச்சான்னேன்.

சரி மாப்ளே, நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்னாரு. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுடுறேன், நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காதே, அவளையும் திட்டாதேன்னு சொல்லிட்டு இறங்கிப் போனாரு. அவரு நடையைத் தெரு முனையிலேயே சொல்லிடுவேன் நான், இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பாரு. அன்னிக்கி ரெண்டு காலையும் இழுத்துக்கிட்டுப் போனாரு. குருவியைக் கொன்னது தன் கைதான்னு முடிவு பண்ணிட்டாரு. வேலை போறதைக்கூட விடுங்க. அந்தக் கையாலதானே இனிமே சோறு தின்னணும்.

இல்ல, நீங்க கேக்குறது புரியுது. நான் பொய் சொன்னேனான்னு.

அது எப்படின்னா, மச்சானை எனக்கு நல்லாத் தெரியும் சார். ஏத்துன்னு சொல்லும்போது நெஞ்சை நிமித்துவாரு. நில்லுன்னா ஒரு காலைப் பின்னால வச்சு விறைப்பா நிப்பாரு. இறக்குன்னா, பெட்டியோட சேர்ந்து அவரும் கொஞ்சம் குனிவாரு, தானே இறங்குற மாதிரி. அவருக்கே தெரியாது அது. இருபத்திரெண்டு வருஷம் ஒரு மனுஷனைப் பார்த்துக்கிட்டே இருந்தா உருவம் போதும். அன்னிக்கி குனிஞ்சாரு. குருவி வெளியில வந்துட்டானான்னு வேகனுக்கு அடியில எட்டிப் பார்க்கக் குனிஞ்சிருக்காரு. எனக்கு அது பின்னாடிதான் புரிஞ்சுது. குனிஞ்சதைப் பார்த்தேன், இறக்கிட்டேன்.

கையா? கையை நான் பார்க்கலைங்க. பதினஞ்சு அடியில யார் கையையும் பார்த்து ரொம்ப நாளாச்சு. வெயில்ல எல்லாம் வெள்ளையாத் தெரியும், பால் ஊத்தின மாதிரி. முஷ்டியாத்தான் இருந்திருக்கும். அவரு தப்பாக் காட்டுறவர் இல்ல.

கண்ணு தெரியலன்னு சொன்னா லிவரை எடுத்துக்கிட்டு ஸ்டோர்ல உக்கார வச்சிடுவாங்க. அதான் சொல்லல. வேற பெரிய காரணமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. உருவத்தை வச்சே ஓட்டிடலாம்னு நினைச்சேன். ஓடவும் ஓடுச்சு.

இன்னிக்கிக் காலையில அந்த முதல் ரூம்ல எழுத்துப் பலகை வச்சிருக்காங்கல்ல, எங்க ஆளுங்க ஏழு பேரு எனக்கு முன்னால போனாங்க. திரைக்கு வெளியில நின்னு கேட்டேன். ஏழு தடவை கேட்டா யாருக்கும் வந்துடும். உள்ள போய் கடைசி வரி வரைக்கும் சொன்னேன். அந்தப் பொண்ணு, பெரியவரே உங்களுக்கு நல்ல கண்ணுன்னு சொல்லி டக்குனு முத்திரை குத்திடுச்சு. நீங்க போகலாம்னுச்சு. எங்க ஆளுங்க எல்லாம் கிளம்பிட்டாங்க. நான் கதவு வரைக்கும் போனேன். அப்புறம் திரும்பி வந்து, மருந்து விட்டு உள்ள பார்ப்பீங்களாமே, அதையும் பார்த்துடுங்கம்மான்னேன். எதுக்குப் பெரியவரேன்னுச்சு. சும்மாத்தான்னேன்.

வாயால சொல்ல வரல சார். விசாரணையில அத்தனை பேரு முன்னால வரல, மச்சான்கிட்ட வரல, வீட்டுல அவகிட்ட வரவே வராது. டாக்டர் உள்ள பார்த்தா அவருக்கே தெரிஞ்சிடும், அவரே எழுதிடுவாருன்னு நினைச்சேன். இங்க உக்காந்தப்புறம்தான் தோணுச்சு. கண்ணுல பூ விழுந்திருக்குன்னு தெரியும், எப்ப விழுந்துச்சுன்னு கண்ணு சொல்லுமா? அதை என்கிட்டதானே கேப்பாங்க. போன மாசந்தான்னு சொன்னா ஒண்ணும் மாறாது. பாவம், அதிர்ச்சியில வந்திருக்கும்னு அவங்களே சொல்லிடுவாங்க. எனக்கு ஸ்டோர்ல ஒரு நாற்காலி, மச்சானுக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்து.

யாரோ வர்றாங்க போலிருக்கே. உங்களுக்கா, எனக்கா?

எனக்குத்தானாம். சொல்லும்மா. ஆமா, நான்தான். வேலையா? பிரேக்டவுன் வண்டி, லிவர் போடுறது. வயசு அம்பத்தி நாலு. சர்க்கரை இல்ல. அடி கிடி ஒண்ணும் படல.

எத்தனை நாளாவா?

ரெண்டு வருஷம்மா. இல்ல, மாசமில்ல, வருஷம். ரெண்டு வருஷமா பதினஞ்சு அடிக்கு அந்தாண்ட யார் கையும் தெரியல. அப்படியே எழுதும்மா.

எழுதிட்டியா?